ஒரே தெரு, இரண்டு போலீஸ்: அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களின் காவல்துறை

[திரையில்: சிகாகோ, ஹைட் பார்க். மாலை நேரத் தெரு. இரண்டு ரோந்துக் கார்கள் அடுத்தடுத்துப் போகின்றன.]

சிகாகோ நகரத்துக்குள், அதன் தென்புறத்தில் ஹைட் பார்க் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ஒரு மாலை நேரம் நீங்கள் நடந்து போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு போலீஸ் கார் மெதுவாகக் கடந்து போகிறது. அதன் கதவில் சிகாகோ நகரக் காவல்துறையின் சின்னம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு போலீஸ் கார் வருகிறது. அதன் கதவில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெயர். இரண்டிலும் சீருடை, இரண்டிலும் துப்பாக்கி. இரண்டு காரில் இருப்பவர்களுக்கும் உங்களை நிறுத்தவும் கைது செய்யவும் அதிகாரம் உண்டு. நீங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

நமக்குக் கல்லூரிக் காவல் என்றதும் மனதில் வருபவர் வேறு. கேட் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, நோட்டில் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளும் செக்யூரிட்டி அண்ணன். அவருக்குப் போலீஸ் அதிகாரம் எதுவும் கிடையாது. விஷயம் பெரிதானால் ஸ்டேஷனுக்கு போன் போகும், அவ்வளவுதான். அமெரிக்காவின் பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அந்த ஸ்டேஷனே வளாகத்துக்குள் இருக்கிறது. அதை நடத்துவது அரசு அல்ல, பல்கலைக்கழகம்.

அப்படியானால் நகர போலீஸுக்கும் இவர்களுக்கும் கோடு எங்கே பிரிகிறது? ஒரு குற்றம் நடந்தால் யார் வருவார், யார் விசாரிப்பார்? தவறு நடந்தால் யாரிடம் போய் முறையிடுவது? இந்த வீடியோ அதைப் பற்றியதுதான்.

[திரையில்: 1894. யேல் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடங்கள்.]

முதலில் கொஞ்சம் பழைய கதை. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரமும் அங்கிருக்கும் யேல் பல்கலைக்கழகமும் நீண்ட காலம் முறைத்துக்கொண்டே இருந்தன. 1824இல் ஊர் மக்கள் திரண்டு வந்து மருத்துவக் கல்லூரியை முற்றுகையிட்டார்கள். புதைத்த ஓர் இளம்பெண்ணின் உடல் கல்லறையிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டு, கல்லூரிக்குள் கிடந்ததுதான் காரணம். மாணவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடந்த கைகலப்புகள் தனிக் கணக்கு. இந்தப் பகையைத் தணிக்கத்தான் 1894இல் நகர போலீஸிலிருந்து இரண்டு பேரை வளாகத்துக்கு அனுப்பினார்கள். பிறகு அவர்களைப் பல்கலைக்கழகமே தன் பணியாளர்களாக எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் முதல் வளாகக் காவல்துறை என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

ஆக, நகரம் தன் ஆட்களைக் கொடுத்து உதவியதில்தான் இந்த ஏற்பாடே தொடங்கியது.

இன்றைக்கு அதிகாரம் வரும் வழி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மாசசூசெட்ஸில் ஹார்வர்டு, எம்ஐடி காவலர்களை மாநில போலீஸ் சிறப்புக் காவலர்களாக நியமிக்கிறது. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் சான்டா கிளாரா மாவட்ட ஷெரிஃப், அதாவது மாவட்டக் காவல்துறையின் தலைவர், அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறார். இல்லினாயில் தனியார் கல்லூரிக் காவல்துறைக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. வழி எதுவானாலும் சாரம் ஒன்றுதான். சம்பளம் தருவது தனியார். பேட்ஜுக்குள் இருக்கும் அதிகாரமோ அரசினுடையது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப இங்கேதான் வரப்போகிறோம்.

[திரையில்: ஒரு ஒப்பந்தத் தாள். கையெழுத்துப் பகுதி பெரிதாகிறது.]

அதிகாரம் கிடைத்துவிட்டது, சரி. ஒரே தெருவில் இரண்டு போலீஸ் எப்படி மோதிக்கொள்ளாமல் வேலை செய்கிறது? அதற்காகத்தான் பல்கலைக்கழகமும் நகரமும் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றைப் போட்டுக்கொள்கின்றன. படிக்கச் சலிப்பூட்டும் தாள்தான். ஆனால் எந்தத் தெருவரை யார் ரோந்து போகலாம், கொலை என்றால் யார், சைக்கிள் திருட்டு என்றால் யார், ரேடியோவில் யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

சாதாரணமாக, செல்போனிலிருந்து அவசர எண்ணான 911 அடித்தால் அழைப்பு நகரத்தின் அல்லது மாவட்டத்தின் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். வளாகத்தில் நிற்கும் நீல விளக்குக் கம்பத்தின் பொத்தானை அழுத்தினால் பல்கலைக்கழகத்தின் போலீஸுக்குப் போகும். ஒரே ஆபத்து, இரண்டு கதவு. இந்த இரண்டு கதவுக்குப் பின்னால் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் உடனுக்குடன் பேசிக்கொள்கிறார்களா என்பதுதான் நெருக்கடியில் முக்கியம்.

பேசிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கிறிஸ்டின் ஸ்மார்ட் என்ற பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும். 1996 மே மாதக் கடைசியில், கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த அவர், வெளியே ஒரு விருந்துக்குப் போய்விட்டு விடுதிக்குத் திரும்பும் வழியில் காணாமல் போனார். அது நீண்ட விடுமுறை வார இறுதி. எங்காவது ஊர் சுற்றப் போயிருப்பாள் என்ற எண்ணத்திலேயே வளாக போலீஸ் முதல் நாட்களைக் கழித்தது. மாவட்ட ஷெரிஃபிடம் விசாரணை போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிவிட்டது. ஒரு மாதத்தில் ஓர் அறையைச் சுத்தம் செய்துவிடலாம், ஒரு தடயத்தை அழித்துவிடலாம். கூடப் படித்த ஒருவர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது 2022இல்தான், 26 ஆண்டுகள் கழித்து. அந்தப் பெண்ணின் உடல் கிடைக்கவே இல்லை.

கால் பாலி தனியார் அல்ல, அரசுப் பல்கலைக்கழகம். ஆனால் இந்தச் சம்பவத்தால் 1998இல் கலிஃபோர்னியாவில் வந்த சட்டம் தனியாரையும் தொட்டது. கொடூரக் குற்றம் நடந்தால் யார் விசாரிப்பது, எந்த எல்லை யாருடையது என்று உள்ளூர் போலீஸோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. மாணவர்களுக்கு அரசு உதவித்தொகை பெறும் தனியார் கல்லூரிகளுக்கும் அது பொருந்தும். அந்தச் சட்டத்துக்கு கிறிஸ்டின் ஸ்மார்ட்டின் பெயரையே வைத்தார்கள்.

[திரையில்: பாஸ்டன் பகுதியின் வரைபடம். கேம்பிரிட்ஜிலிருந்து வாட்டர்டவுனுக்கு ஒரு கோடு.]

இந்தக் காவலர்களின் வேலை ஆபத்தில்லாதது என்றும் நினைத்துவிடக் கூடாது. 2013 ஏப்ரல் 18 இரவு, எம்ஐடி வளாகத்தில் தன் காரில் உட்கார்ந்திருந்த வளாகக் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் மூன்று நாள் முன்பு பாஸ்டன் மாரத்தானில் குண்டு வைத்த சகோதரர்கள். அடுத்த சில மணி நேரத்தில் பக்கத்து ஊரான வாட்டர்டவுனில் துப்பாக்கிச் சண்டை. பல ஊர்களின் போலீஸ் அங்கே ஓடி வந்தது. அதில் ரயில்–பேருந்துப் போக்குவரத்துக் காவலர் ஒருவர் உயிர் போகும் அளவுக்குக் காயப்பட்டுப் பிழைத்தார். இறந்த வளாகக் காவலரும் இவரும் ஒரே அகாடமியில் ஒன்றாகப் பயிற்சி பெற்ற நண்பர்கள். வளாகக் காவலர் என்றால் அரைப் போலீஸ் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

[திரையில்: சிகாகோ வரைபடம். 37ஆம் தெருவிலிருந்து 64ஆம் தெருவரை நிறம் ஏறுகிறது.]

சரி, ஹைட் பார்க்குக்குத் திரும்புவோம்.

சிகாகோ பல்கலைக்கழகக் காவல்துறையில் ஏறத்தாழ 100 காவலர்கள் இருக்கிறார்கள். நாட்டிலேயே பெரிய தனியார் காவல்துறைகளில் ஒன்று. அதைவிடக் கவனிக்க வேண்டியது அவர்களுடைய எல்லை. வளாகத்தின் சுவரோடு அது நிற்பதில்லை. வடக்கே 37ஆம் தெரு, தெற்கே 64ஆம் தெரு. ஹைட் பார்க், கென்வுட், உட்லானின் ஒரு பகுதி என்று பல குடியிருப்புப் பகுதிகள் அதற்குள் வருகின்றன. அங்கே வாழும் சுமார் 65,000 பேரில் பெரும்பான்மையானோருக்குப் பல்கலைக்கழகத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கடை வைத்திருப்பவர்கள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள்.

இந்த ஏற்பாட்டை அங்கே விரும்புகிறவர்கள் உண்டு. கூப்பிட்டால் நகர போலீஸைவிடச் சீக்கிரம் வருகிறார்கள், முகம் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள் என்பார்கள். அவர்கள் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவு வேலை முடித்துத் தனியாக நடந்து வருகிற ஒருவருக்கு, முக்குக்கு முக்கு ரோந்துக் கார் நிற்பது எவ்வளவு பெரிய தெம்பு!

ஆனால் அதே தெருவில் வளர்ந்த கறுப்பின இளைஞனைக் கேட்டால் வேறு கதை வரும். தன் வீட்டு வாசலில், தான் படிக்காத, தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத ஓர் அமைப்பின் போலீஸ் தன்னை நிறுத்தி, எங்கே போகிறாய் என்று கேட்கிறது. நகர போலீஸ் தவறு செய்தால் மேயரைக் கேட்கலாம், நகர மன்ற உறுப்பினரைக் கேட்கலாம், அடுத்த தேர்தலில் பதில் சொல்லலாம். இங்கே யாரைக் கேட்பது? பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழுவைத் தேர்ந்தெடுக்க அந்தத் தெருவாசிக்கு ஓட்டு கிடையாது. புகார்களைப் பார்க்கப் பேராசிரியர்கள், மாணவர்கள், பகுதிவாசிகள் கொண்ட மறுஆய்வுக் குழு ஒன்று உண்டு. அந்தக் குழுவும் பல்கலைக்கழகம் அமைத்ததுதான்.

பகுதி மக்களும் மாணவர்களும் விடாமல் கேட்டதன் பலன் 2015இல் கொஞ்சம் கிடைத்தது. தனியார் வளாக போலீஸின் ஆவணங்களையும் தகவலறியும் சட்டத்துக்குள் கொண்டுவர ஒரு மசோதா இல்லினாய் கீழவையில் நிறைவேறியது. மேலவையில் அது நின்றுபோனது. அதே ஆண்டு பல்கலைக்கழகம் தானாகவே முன்வந்து, யாரையெல்லாம் நிறுத்தினோம், எதற்காக நிறுத்தினோம் என்ற விவரங்களை இணையத்தில் போடத் தொடங்கியது. நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர் என்பது அப்போதுதான் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தரவிலேயே வெளிப்பட்டது. தெருவில் இருந்தவர்களுக்கு அது புதிய செய்தி அல்ல. ஆனால் அதுவரை அவர்கள் சொன்னது வெறும் பேச்சாக இருந்தது. பிறகு அது கணக்காகிவிட்டது.

[திரையில்: நான்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

இங்கேதான் எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம் வருகிறது. ஆவணம்.

ஒரு தெருவில் ஒரு கைது நடக்கிறது. நகர போலீஸ் செய்திருந்தால், அந்த அறிக்கை பொது ஆவணம். பத்திரிகையாளரோ பாதிக்கப்பட்டவரோ விண்ணப்பித்துக் கேட்கலாம். அதே கைதைத் தனியார் பல்கலைக்கழக போலீஸ் செய்திருந்தால்? பதில் நீங்கள் எந்த மாநிலத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மாசசூசெட்ஸில் ஹார்வர்டு மாணவர் பத்திரிகை தன் பல்கலைக்கழக போலீஸின் அறிக்கைகளைக் கேட்டு நீதிமன்றம் போனது. ஹார்வர்டு தனியார் நிறுவனம், பொது ஆவணச் சட்டம் அதன் காவல்துறைக்குப் பொருந்தாது என்று மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2006இல் சொல்லிவிட்டது. கனெக்டிகட்டில் 2008இல் தகவல் ஆணையம் யேல் போலீஸைப் பொது அமைப்பாகவே கருத வேண்டும் என்றது. ஒஹையோவில் ஆட்டர்பைன் பல்கலைக்கழகத்தின் மாணவப் பத்திரிகையாளர் ஒருவர் வழக்குப் போட்டார். அங்கே 2015இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. போலீஸ் வேலை அரசின் வேலை, அதைச் செய்கிறவர் ஆவணத்தையும் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம்.

அடுத்த ஆண்டே, எல்லையை ஒட்டிய இந்தியானாவில் நேர் எதிரான தீர்ப்பு. விளையாட்டு வீரர்களான மாணவர்கள் சம்பந்தப்பட்ட போலீஸ் அறிக்கைகளை நோட்டர்டேம் பல்கலைக்கழகத்திடம் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி கேட்டிருந்தது. சட்டத்தின் வாசகப்படி நோட்டர்டேம் போலீஸ் அரசு அமைப்பு அல்ல, இதை மாற்ற வேண்டுமானால் சட்டமன்றம்தான் மாற்ற வேண்டும் என்று 2016இல் இந்தியானா உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில், தனியார் பல்கலைக்கழக போலீஸ் காட்ட வேண்டிய ஆவணங்களைக் குறுக்கும் மசோதா ஒன்று அங்கே ஆளுநரின் மேசைக்கு வந்திருந்தது. அப்போதைய ஆளுநர் மைக் பென்ஸ், பின்னாளில் துணை ஜனாதிபதியானவர், அதில் கையெழுத்துப் போட மறுத்தார்.

என் நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒஹையோ நீதிமன்றம் சொன்னதுதான் சரி. கைது செய்யும் அதிகாரத்தை அரசிடமிருந்து வாங்கிக்கொண்டு, ஆவணம் கேட்டால் மட்டும் நாங்கள் தனியார் என்பது நியாயமில்லை. எந்த போலீஸ் கார் முதலில் வந்தது என்பதை வைத்து, ஒரு மனிதனுக்கு நடந்தது பதிவில் தெரியும் அல்லது தெரியாமல் போகும் என்றால், அவனுடைய உரிமை தற்செயலின் கையில் இருக்கிறது.

[திரையில்: பால்டிமோர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஹோம்வுட் வளாகம்.]

இதையெல்லாம் பார்த்த பிறகு ஒரு நகரம் புதிதாக இப்படி ஒரு போலீஸை அமைக்கும்போது எப்படி அமைக்கும்? பால்டிமோரில் அது நம் கண்முன்னாலேயே நடந்தது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சொந்த போலீஸ் இருக்கவில்லை. திருட்டும் வழிப்பறியும் கூடுகிறது என்று சொல்லி மேரிலாந்து சட்டமன்றத்திடம் அனுமதி கேட்டது. எதிர்ப்பு கடுமையாக வந்தது. அந்த ஊரின் காயம் அப்போது ஆறியிருக்கவில்லை. 2015இல் ஃபிரெடி கிரே என்ற இளைஞர் நகர போலீஸ் காவலில் காயமடைந்து இறந்தார், ஊரே கொந்தளித்தது. 2017இல் நகரக் காவல்துறையே கூட்டாட்சி நீதிமன்றத்தின் மேற்பார்வைக்குப் போனது. இருக்கிற போலீஸையே திருத்திக்கொண்டிருக்கிறோம், இன்னொரு போலீஸ் எதற்கு என்று கேட்டவர்களின் கேள்வியில் நியாயம் இருந்தது. 2019 வசந்தத்தில் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தில் ஒரு மாதத்துக்கும் மேல் உட்கார்ந்து போராடினார்கள். கடைசியில் நகர போலீஸ் வந்து சிலரைக் கைது செய்தது.

எதிர்ப்பையும் மீறி 2019இல் சட்டம் நிறைவேறியது. ஆனால் அந்த எதிர்ப்பின் தடம் சட்டத்துக்குள் இருக்கிறது. காவலர் எண்ணிக்கை 100க்கு மேல் போகக் கூடாது. உடலில் கேமரா கட்டாயம். 15 பேர் கொண்ட பொறுப்புடைமைக் குழு ஒன்று வேண்டும். கொலை, பாலியல் வன்முறை, கொள்ளை போன்ற பெருங்குற்றங்களின் விசாரணையும் கைதும் நகர போலீஸின் பொறுப்பு. திருட்டு, வீடு புகுந்து திருடுதல், வாகனத் திருட்டு ஆகியவற்றுக்கு மட்டும் அதில் விலக்கு. நகர போலீஸோடு ஒப்பந்தம் போடாமல் வேலையைத் தொடங்கவே முடியாது. அந்த ஒப்பந்தத்தின் வரைவும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரை போலீஸ்காரர் ஒருவர் கொன்றதைத் தொடர்ந்து பல்கலைக்கழகம் திட்டத்தை இரண்டு ஆண்டு நிறுத்திவைத்தது. 2022இல் ஒப்பந்த வரைவை வெளியிட்டுக் கூட்டம் நடத்தப் போனபோது, அரங்கத்தில் எழுந்த முழக்கத்தில் கூட்டத்தையே இணையத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அந்த டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. காவலர்கள் பணியில் இறங்கியது 2024இல்.

எனக்கு இதில் பிடித்தது, ஒப்பந்தம் மூடிய அறையில் முடியவில்லை என்பது. எதிர்த்தவர்கள் தோற்றார்கள் என்று சொல்லலாம். ஆனால் இந்தப் போலீஸ் எந்தத் தெருவில் நிற்கும், எந்த வழக்கைத் தொடாது என்று பால்டிமோர்வாசி ஒருவர் தாளை எடுத்துக் காட்ட முடிகிறதென்றால், அதை வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

[திரையில்: நியூ ஹேவன், ஹாம்டன் எல்லை.]

தாளில் எவ்வளவு எழுதினாலும் தெருவில் கோடு கலைந்துவிடும் நேரமும் உண்டு. 2019 ஏப்ரலில், யேலுக்குப் பக்கத்து ஊரான ஹாம்டனில் வழிப்பறி முயற்சி என்று ஒரு புகார். ஹாம்டன் போலீஸ்காரர் ஒருவர் காரைத் தேடி எல்லை தாண்டி நியூ ஹேவனுக்குள் வந்தார். அங்கே ரோந்தில் இருந்த யேல் காவலரும் சேர்ந்துகொண்டார். இருவரும் காரை நோக்கிச் சுட்டார்கள். உள்ளே இருந்த இருவரிடமும் ஆயுதம் இல்லை. ஒரு பெண் குண்டுபட்டுக் காயமடைந்தார். சம்பவம் நடந்தது நியூ ஹேவன் நகரத்தின் தெருவில். சுட்ட இருவரில் ஒருவர்கூட அந்த நகரத்தின் போலீஸ் அல்ல. மறுநாள் தெருவுக்கு வந்த மக்கள் யார் வாசலில் போய் நிற்பது? மூன்று வாசல் இருந்தது.

சொந்த போலீஸ் இல்லாவிட்டால் இந்தச் சிக்கல் இல்லையா என்று கேட்கலாம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் இருந்தது. 2024 ஏப்ரலில் காஸா போர் தொடர்பான மாணவர் முகாமைக் கலைக்க, பல்கலைக்கழகத் தலைவர் கடிதம் எழுதி நகர போலீஸைக் கூப்பிட்டார். ஒரே நாளில் 100 பேருக்கு மேல் கைது. மாணவரின் பெயர் தெரியாத, வளாகத்தின் வாசல் தெரியாத போலீஸ் உள்ளே வந்தது. 2025 மார்ச்சில் கொலம்பியா, கைது அதிகாரம் உள்ள 36 சிறப்பு அதிகாரிகளை நியமிப்பதாக அறிவித்தது.

[திரையில்: மேசை மேல் ஒரு பதிவேடு.]

உங்கள் பிள்ளையோ தம்பி தங்கையோ அமெரிக்காவில் படிக்கப் போகிறார்கள் என்றால், ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1986இல் பென்சில்வேனியாவின் லீஹை என்ற தனியார் பல்கலைக்கழகத்தில், ஜீன் கிளெரி என்ற மாணவி விடுதி அறையிலேயே கொல்லப்பட்டார். அவருடைய பெற்றோர் ஓயாமல் போராடியதால் 1990இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. இன்று கிளெரி சட்டம் என்கிறார்கள். மாணவர்களுக்குக் கூட்டாட்சி அரசின் நிதியுதவி வாங்கும் எந்தப் பல்கலைக்கழகமும், அரசோ தனியாரோ, ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1க்குள் பாதுகாப்பு அறிக்கை வெளியிட வேண்டும். உள்ளூர் போலீஸோடு தனக்கு என்ன உறவு, எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதையும் அதில் சொல்ல வேண்டும். சேர்க்கைக் கடிதம் வந்ததும் விடுதியின் படத்தைத் தேடிப் பார்க்கிறோம் அல்லவா, அதோடு இந்த அறிக்கையையும் தேடி எடுத்துப் படியுங்கள். வளாக போலீஸின் நேரடி எண்ணைப் பிள்ளையின் செல்போனில் பதிந்துவிடச் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. வளாகத்தில் போலீஸோ செக்யூரிட்டிப் பிரிவோ இருந்தால், தினசரிக் குற்றப் பதிவேடு ஒன்றையும் வைத்திருக்க வேண்டும். என்ன குற்றம், எப்போது, எங்கே, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று அதில் எழுதப்பட்டிருக்கும். அலுவலக நேரத்தில் யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம், மாணவராக இருக்க வேண்டியதில்லை. கடந்த 60 நாள் பதிவு உடனே கைக்கு வர வேண்டும். அதற்கு முந்தையதைக் கேட்டால், இரண்டு வேலை நாளுக்குள் எடுத்துக் கொடுத்தாக வேண்டும்.